கழிப்பறைக்கு எழுதிய மொய்

ஆகஸ்டு மாதம் இருபத்தோராம் தேதி, ஆவணி ஐந்து, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். மேற்கே மலை மேல் கருமேகம். கூடலூர்ப் பக்கம் சாரல் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒரு சொட்டு இல்லை. காற்று மட்டும் பள்ளிக்கூடத்துப் பந்தலைப் பிடுங்கிக்கொண்டு போகிற வேகத்தில் அடித்தது. அந்த நேரத்தில்தான், ஒரு பெண்மணி கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இரண்டு பதில்களைச் சொல்லி என் ஓய்வுக்காலத்தை நானே கெடுத்துக்கொண்டேன். நடந்து நான்கு வருடங்கள் ஆகின்றன.

நேரமும் வானிலையும் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறதே என்று வியக்க வேண்டாம். லோயர் கேம்ப்பில் வாய்க்கால் தண்ணீரின் உயரத்தைப் பார்த்து எழுதும் எழுத்தராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். தேதி, மணி, வானம், தண்ணீர் மட்டம் என்று நாளுக்கு மூன்று தடவை எழுதுவேன். ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதற்கு வாய்க்கால் இல்லையே தவிர, பழக்கம் நிற்கவில்லை. குழம்பில் கிடக்கும் முருங்கைக்காய்த் துண்டுகளை எண்ணுவேன். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவேன். நான் பேசும்போது என் மனைவி பேச்சியம்மாள் எத்தனை முறை பெருமூச்சு விடுகிறாள் என்பதையும் எண்ணியிருக்கிறேன். (அதிகபட்சம் ஒன்பது. அன்றைய பேச்சு காஸ் சிலிண்டரைப் பற்றி.)

இப்படி எல்லாவற்றையும் எண்ணுகிறவன் எண்ண வேண்டிய ஒன்றை மட்டும் எண்ணாமல் விட்டதுதான் இந்தக் கதை.

என் மகனும் மருமகளும் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். பேத்தி யாழினி எங்களோடு இருந்து, ஊரிலுள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் அப்போது ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் அவளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. மாலையில் அந்தப் பாட்டில் எந்த மட்டத்தில் திரும்புகிறது என்று பார்ப்பது நானாக எடுத்துக்கொண்ட வேலை. முக்கால் லிட்டருக்குக் கீழே அது ஒருநாளும் இறங்கவில்லை. மே மாத வெயிலில்கூட விளையாடிவிட்டு வந்து மாடு மாதிரி தண்ணீர் குடிக்கிற பெண், பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் குடிக்கவில்லை?

"குடிச்சா போகணும்ல தாத்தா" என்றாள்.

"போக வேண்டியதுதானே?"

"எங்கன போக?"

மறுநாளே போய்ப் பார்த்தேன். இருநூற்று நாற்பது பெண் பிள்ளைகளுக்கு இரண்டு கழிப்பறைகள். ஒன்றுக்குக் கதவு இல்லை. கதவு இருந்ததற்குத் தண்ணீர் இல்லை. தலைமையாசிரியை தேனியிலிருந்து தினமும் வந்துபோகிறவர், கண்டிப்பானவர். "எழுதிப் போட்டிருக்கோம் ஐயா, வரிசைப்படிதான் வரும். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குப் பொருளாளர் இல்லாம ஒரு வருஷமாச்சு, நீங்க இருக்கீங்களா? நன்கொடை திரட்டி நாமளே கட்டிரலாம்" என்றார். பொருளாளர் என்ற சொல்லைக் கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. அறுபத்தெட்டு வயதில் முதுகு நிமிர்வது ஆபத்து என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நான்கு அறைகள், மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே கழிவுத் தொட்டி. கொத்தனார் சொன்ன மதிப்பீடு மூன்று லட்சத்து எண்பதாயிரம். பணக்காரர்களுக்கு எங்கள் பக்கம் பஞ்சம் கிடையாது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனது ஓடைப்பட்டிக்கு, திராட்சைத் தோட்டக்காரர் முத்துக்காளையிடம். எனக்கு மருமகன் முறை. பந்தலுக்குக் கீழே கட்டிலைப் போட்டு, ஒரு தட்டுப் பழத்தை என் முன்னால் வைத்தார்.

"கக்கூசுதான மாமா? புண்ணியக் காரியம். அம்பதாயிரம் தாரேன்."

நான் எழுந்து கும்பிட்டேன்.

"உக்காருங்க. ஒரே ஒரு விசயம். எங்கய்யா போட்டோவ டைல்ஸ்ல அடிச்சு வாசல்ல பதிச்சிரணும்."

அவருடைய அய்யாவை எனக்குத் தெரியும். காதுவரை போகிற மீசை. கோபமே இல்லாத நேரத்திலும் முறைக்கிற கண்கள்.

"மாப்ள, அது பொம்பளப் பிள்ளைக போற இடம்."

"அதுனால என்னா? எங்கய்யா யாரையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாரு."

"போட்டோவுல பார்ப்பாரே."

அவர் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சரி, அப்பக் கண்ண மூடியிருக்க மாதிரி அடிச்சுருவோம்" என்றார்.

அடுத்து போடி. எங்கள் பள்ளியில் படித்து, அங்கே ஏலக்காய் வியாபாரத்தில் நன்றாக வந்துவிட்ட அண்ணன் தம்பி இருவர். கடைகள் எதிரெதிரே இருக்கின்றன, பேச்சுவார்த்தை இல்லை. மூத்தவர் தனராஜ் ஒரு லட்சம் தருகிறேன் என்றார். தம்பி பணம் ஒற்றை ரூபாய்கூட அதில் சேரக் கூடாது என்பது நிபந்தனை. சாலையைக் கடந்தேன். தம்பி ஜெயராஜ் ஒன்றேகால் லட்சம் தருகிறேன் என்றார். அண்ணன் பணம் சேரக் கூடாது. நான் மறுபடியும் சாலையைக் கடந்து, மறுபடியும் கடந்து, ஆறாவது தடவையில் ஒரு வழி கண்டுபிடித்தேன்: ஆளுக்கு இரண்டு அறைகள், நடுவில் சுவர். இருவரும் ஏறக்குறைய ஒத்துக்கொண்ட நேரத்தில் தனராஜுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தண்ணித் தொட்டி ஒண்ணா, ரெண்டாங்கய்யா?"

"ஒன்றுதான்."

"அப்ப அவன் பணத்துல வாங்குன தண்ணி எங்க பக்கம் வருமே" என்று சொல்லிக் காசோலைப் புத்தகத்தை மூடிவிட்டார்.

மூன்றாமவர் ஓய்வு பெற்ற அதிகாரி. இருபத்தைந்தாயிரம் தருவார், ஒவ்வொரு வருடமும் ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் பேச விட வேண்டும். தலைமையாசிரியையிடம் சொன்னேன். "பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கழிப்பறை இல்ல. இதுல ஒரு மணி நேரம் எந்திரிக்க முடியாம உக்காரவும் வைக்கணுமா?" என்று கேட்டார்.

இப்படிப் பதினொரு பேரிடம் போனேன். பதினொரு பேரும் தர்மவான்கள். ஆனால் அத்தனை பணமும் கயிறு கட்டிய வாளி மாதிரி. நம் பக்கம் இறக்கிவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்வார்கள். நான் வெறுத்துப்போய்க் கழகக் கூட்டத்தில் எழுந்து சபதமே செய்தேன். ஒரு பெயர், ஒரு படம், ஒரு கல்வெட்டு அந்தச் சுவரில் இருக்காது. நிபந்தனை இல்லாத பணத்தில்தான் கட்டுவேன். கூட்டத்தில் இருந்த ஒன்பது பேரும் கைதட்டினார்கள். பணம் கொடுக்கத்தான் ஒருவரும் முன்வரவில்லை.

அந்த வாரமே சின்னமனூரில் ஒரு காதணி விழா. மொய் எழுத வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் முப்பத்திரண்டு பேர். மொய்யைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் விசேஷ வீட்டுக்குப் போனால் பணமாக எழுதிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம். அதை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். நம் வீட்டில் விசேஷம் வரும்போது அவர்கள் வந்து அதைத் திருப்பி எழுதுவார்கள். இப்போதெல்லாம் நோட்டும் பேனாவும் போய், கம்ப்யூட்டரும் ரசீதும் வந்துவிட்டன.

வரிசையில் நின்றபடி கவனித்தேன். முதலில் நின்றவர் இரண்டாயிரம் கொடுத்தார். ரசீது வாங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். அப்பா படத்தை மாட்டு என்று கேட்கவில்லை. பேச விடு என்று கேட்கவில்லை. அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும் அப்படியே. ஒரு நிபந்தனையும் இல்லாமல் பணம் ஆறாக ஓடுகிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதே முறையில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விசேஷம் வைத்தால் என்ன?

(அவர்கள் நிபந்தனை பேசாமல் போவது, திரும்பி வரும் என்ற நிபந்தனையை யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை என்பதால்தான். இது எனக்குத் தெரியாதா? நானே அந்த வீட்டுக்காரர் என் மகன் கல்யாணத்தில் எழுதிய ஆயிரத்தைத் திருப்பத்தான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதை வீடெல்லாம் தேடுகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆள் நான்தான்.)

பேச்சியம்மாள் ஊரில் இருந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் என்னை உட்கார வைத்திருப்பாள். அவள் தங்கைக்குக் காலில் அறுவைச் சிகிச்சை என்று மூன்று வாரமாகச் சுருளிப்பட்டியில் இருந்தாள். போனில் அவளிடம் "பள்ளிக்கூடத்துல சின்னதா ஒரு கூட்டம்" என்று மட்டும் சொன்னேன்.

அழைப்பிதழ் அடித்தேன். பந்தல் போட்டேன். சாம்பார், ரசம், பாயசத்தோடு சாப்பாடு. விழாச் செலவை நன்கொடையில் எடுத்தால் அதுவும் ஒரு களங்கம் என்று நினைத்து, என் கைப்பணத்திலேயே செய்தேன்: முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது. கம்ப்யூட்டர் மொய் எழுதச் சின்னமனூரிலிருந்து செல்வராணி என்ற பெண்மணி வந்தார். ஸ்கூட்டரில் மடிக்கணினி, உள்ளங்கை அகலத்தில் ரசீது அடிக்கும் இயந்திரம், கூம்பு ஒலிபெருக்கி இரண்டு. வந்த ஐந்தாவது நிமிடத்தில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார்.

இப்போது மணி ஒன்பது நாற்பது. முன்னால் பதினான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

"விசேஷக்காரக பேரு சொல்லுங்கய்யா."

"விசேஷக்காரர் யாரும் இல்லம்மா. பள்ளிக்கூடம்."

"பள்ளிக்கூடம்னு போட்டா எடுக்காதுங்க. வீட்டுக்காரக பேரு, வீட்டம்மா பேரு, ஊரு, செல் நம்பரு. நாலும் குடுத்தாத்தான் அடுத்த பக்கம் போகும்."

தலைமையாசிரியையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். "அரசாங்கப் பள்ளிக்கூடம் பேர்ல மொய் வாங்கினா என் வேலை போயிரும் ஐயா. நன்கொடைன்னு மொத்தமா நீங்க கழகத்துக் கணக்குல கட்டுங்க, அதுக்கு நான் ரசீது தரேன். இந்தக் கம்ப்யூட்டர்ல என் பேரையும் போடாதீங்க."

காற்றில் பந்தல் படபடத்தது. வரிசையில் யாரோ "ஏலே, சோறு ஆறுதுப்பா" என்றார்கள்.

"என் பெயரைப் போடு" என்றேன். அது முதல் பதில்.

"என்ன விசேஷம்? கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா. அஞ்சுதான் இருக்கு."

"கழிப்பறை."

செல்வராணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது இல்லீங்களே. கட்டடந்தான? புதுமனையில போட்டுறவா?"

"போடு" என்றேன். அது இரண்டாவது பதில்.

அடுத்த நொடி இரண்டு கூம்புகளும் முழங்கின: "பெருமாள்சாமி, பேச்சியம்மாள் இல்லப் புதுமனை புகுவிழாவுக்கு, ஓடைப்பட்டி முத்துக்காளை அவர்கள் மொய் ஐயாயிரம்!"

நிறுத்தியிருக்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். நிறுத்துவதற்கு இருநூற்றுப் பதினொரு சந்தர்ப்பங்கள் இருந்தன. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் கையெழுத்துப் போடுவதற்காகக் கணக்கு எழுதிய எனக்கு, என் பெயரை ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்பது பாயசத்தைவிட இனிப்பாக இருந்தது. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து, வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்கவே ஆரம்பித்துவிட்டேன். போடியிலிருந்து தனராஜ் வந்து பத்தாயிரம் எழுதினார். அரைமணி கழித்து ஜெயராஜ் வந்து பத்தாயிரம் எழுதினார். அண்ணன் பணம், தம்பி பணம் என்ற பேச்சே இல்லை. மொய்யில் யார் பணமும் யாரோடும் சேர்வதில்லை, தனித்தனி ரசீது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். யாழினிகூட வரிசையில் நின்று ஒரு ரூபாய் எழுதி, ரசீதை வாங்கித் தோழிகளிடம் காட்டினாள்.

பதினொன்று இருபத்தைந்துக்குக் கம்பம் பஸ்ஸிலிருந்து பேச்சியம்மாள் இறங்கினாள். தங்கைக்குக் கட்டுப் பிரித்துவிட்டதால் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்துக் கடைக்காரர் அவளைப் பார்த்துக் கேட்டாராம்:

"என்னத்தா, உங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்களே இம்புட்டு நேரங்கழிச்சு வாரீக?"

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லியிருக்கிறது. கையில் பையோடு பந்தலுக்குள் வந்தவள், வாசலில் கைகூப்பி நின்ற என்னைப் பார்த்தாள். நானும் பழக்க தோஷத்தில் அவளைப் பார்த்து, "வாங்க, வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றேன்.

அவள் செல்வராணியிடம் போய் ஒரு ரசீதை வாங்கிப் படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு பந்தியில் போய் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்குத் தொகை தெரிந்தது. மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரத்து ஐநூற்று ஒன்று. மதிப்பீட்டுக்கு மேலேயே நான்காயிரத்து ஐநூற்று ஒன்று! மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் அத்தனையையும் கழகத்துக் கணக்கில் கட்டிவிட்டு வந்து, கூடத்தில் நின்று அறிவித்தேன்.

"ஒரு நிபந்தனை இல்லாத பணம் பேச்சி. ஒரு நிபந்தனை இல்லை."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாழினி கல்யாணத்துக்கு ஊருல இருந்து நமக்கு வரவேண்டிய மொய் எம்புட்டுன்னு தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை அவளிடம் விட்டிருந்தேன்.

"பதினாறு வருசமா காதுகுத்து, கல்யாணம்னு ஒண்ணு விடாம போயி நாம எழுதுனது. ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து நானூறு. நம்ம மொய் நோட்டோட ஒத்துப் பாத்துட்டேன், அம்புட்டையும் நேத்து கொண்டாந்து திருப்பிட்டாக. புது வீடு கட்டியிருக்காகன்னு சந்தோசமாத் திருப்பிட்டாக. நீங்க அதக் கொண்டுபோயி கக்கூசுல போட்டுட்டீக."

நான் அவள் எதிரே உட்கார்ந்தேன். "சரி, அது போகட்டும். மீதி?"

"மீதி ரெண்டரை லட்சம் புதுசா எழுதுனது. அத நாம திருப்பணும்" என்று சொல்லிவிட்டு, கீரைத்தண்டை ஒடித்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது.

நான் நம்பவில்லை. ஊருக்கே தெரியும் இது பள்ளிக்கூடத்துக்கு என்று. அழைப்பிதழிலேயே போட்டிருக்கிறேன். படித்த மனிதர்கள், நியாயம் தெரிந்தவர்கள். ஒன்பதாம் நாள் முத்துக்காளை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு வந்தார். பேரனுக்குக் காதுகுத்து.

"மாமா, உங்க விசேஷத்துக்கு அஞ்சு செஞ்சிருக்கேன். ஞாபகம் இருக்கும்."

"மாப்ள, அது நன்கொடை."

"நன்கொடையா?" அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நன்கொடைன்னா எங்கய்யா போட்டோவக் கேட்டிருப்பேன்ல? கேட்டேன், நீங்க முடியாதுன்னீக. பேரும் கெடையாது, போட்டோவும் கெடையாதுன்னா அது மொய்தான மாமா? நீங்களே சொல்லுங்க. படிச்சவுக."

  பெயரைச் சுவரில் போட்டால் நன்கொடை, போடாவிட்டால் மொய். பத்து நாட்களில் நான் விசாரித்த இருபத்தேழு பேரும் இதையேதான் சொன்னார்கள், அதுவும் மிக மரியாதையாக. ஜெயராஜ் மட்டும் போனில், "அண்ணனுக்குத் திருப்புறதுக்கு முன்னாடி எனக்குத் திருப்பிருங்கய்யா" என்று கேட்டுக்கொண்டார்.

கட்டடம் மூன்று மாதத்தில் எழும்பியது. கதவுகள் இருந்தன. தாழ்ப்பாள்கள் இருந்தன. தண்ணீர் வந்தது. தலைமையாசிரியை என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னார்.

"பேரைப் போட்டா நன்கொடைன்னு அவங்களே சொல்றாங்கள்ல? எல்லாப் பேரையும் உள்சுவர்ல எழுதிருவோம் ஐயா. உங்க கடன் தீர்ந்தது."

நான் அவர் காலில் விழாத குறை. சபதமாவது ஒன்றாவது. பெயிண்டரைக் கூப்பிட்டு விலை பேசினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர், ஊர், தொகை. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம். இரண்டரை லட்சத்துக்குப் பத்தாயிரம்! சனிக்கிழமை வந்து எழுதுவதாக முடிவாயிற்று. அன்று இரவு சாப்பாட்டில் யாழினியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்ப நாங்க போக மாட்டோம் தாத்தா."

"ஏன்?"

"உள்ள போனா செவுரு பூராம் முத்துக்காளை மாமா, தனராஜ் அண்ணாச்சி, மலரோட அப்பா, எங்க பெரியப்பா. கூடத்துல எல்லாரும் உக்காந்திருக்கப்ப நடுவுல போற மாதிரி இருக்கும். ச்சீ."

"பெயர்தானே? பெயர் பார்க்குமா?"

"உங்களுக்கு என்னா, நீங்க ஆம்பள."

பேச்சியம்மாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இந்த முறை பெருமூச்சு விடவில்லை.

சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனேன். அடுப்படித் திண்டில் யாழினியின் தண்ணீர் பாட்டில் இருந்தது. கழிப்பறை திறந்து பதினொரு பள்ளிநாட்கள். பதினொரு நாளும் பாட்டில் காலியாகத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக் குழாயில் மறுபடி நிரப்பிக் குடித்ததாகவும் தகவல். நான் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மட்டம் பூஜ்யம். முப்பத்தொரு வருடத்தில் தண்ணீர் மட்டம் பூஜ்யத்தில் இருந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

பெயிண்டருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றேன். சுவர் வெள்ளையாகவே இருக்கிறது.

பிறகென்ன? நான்கு வருடமாக நானும் பேச்சியம்மாளும் விசேஷம் விசேஷமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். அவள் ஒரு தோடு விற்றாள். என் ஓய்வூதியம் மாதாமாதம் காதணி, சடங்கு, கல்யாணம் என்று போயிற்று. மொய் திருப்புகிறபோது கொஞ்சம் கூடப் போடுவதுதான் வழக்கம். நான் அவர்கள் எழுதியதை எழுதியபடியே திருப்பினேன், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறைவும் இல்லை. அதற்கும் கேலிதான். பந்தியில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள்.

"மாமா, புது வீடு எப்பிடி இருக்கு? தண்ணி வசதியெல்லாம் நல்லாருக்கா?"

"நாலு ரூமாம்ல? வாடகைக்கு விடுறீகளா?"

"காத்தோட்டம் எப்பிடிங்கய்யா?"

சின்னமனூர் பக்கத்தில் ஒருவருக்கு வீட்டில் எந்த விசேஷமும் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, தோட்டத்து மோட்டார் அறைக்குப் புதுமனை புகுவிழா வைத்துப் பத்திரிகையோடு வந்தார். "நீங்க காட்டுன வழிதான்" என்றார். போய் மூவாயிரம் எழுதினேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்கு ‘தாத்தா வீடு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. யாழினி அங்கிருந்து போன பிறகும், அவள் முகத்தையே பார்த்திராத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வகுப்பில் கையைத் தூக்கி, "டீச்சர், தாத்தா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் கேட்கிறார்களாம். ஆசிரியைகளும், "சீக்கிரம் வா, தாத்தா வீட்டுல பேசிக்கிட்டே நிக்காத" என்று அனுப்புகிறார்களாம். போன மாதம் கழகக் கூட்டத்துக்குப் போனபோது, ஒரு சிறுமி என்னைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவளிடம் "வீட்டுக்காரரு வாராரு" என்று கிசுகிசுத்தாள்.

எல்லாருக்கும் திருப்பி முடித்துவிட்டேன் என்று நேற்று முன்தினம் அறிவித்தேன். தேனியில் கல்லூரியில் சேர்ந்து, விடுமுறைக்கு வந்திருக்கும் யாழினி, "எல்லாருக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். பெட்டியைக் கிளறி, மங்கிப்போன ஒரு ரசீதைக் கொண்டுவந்து நீட்டினாள். மொய், ரூபாய் ஒன்று.

"விடுதியில புது ரூம் குடுத்திருக்காக தாத்தா. புதுமனை புகுவிழா. வந்து செய்யணும்."

சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தேன். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேத்திக்குமா எழுதுனத எழுதுனபடி? கூடப் போட்டுக் குடுங்க."

போட்டேன். இனித் திரும்ப வராத பழைய மொய், நான் திருப்பிய புதிய மொய், சாப்பாடு, பந்தல், பேத்திக்குக் கூடப் போட்ட ஒன்று எல்லாம் சேர்த்து, கழிப்பறைக்கு நான் எழுதிய மொய் நான்கு லட்சத்து இருபத்து மூவாயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு ரூபாய்.